ஓப்பன் கார் இப்போது ஆடுவதில்லை, சம்பந்தி

அன்பும் அதற்குக் குறையாத கோபமுமாக நான் தினமும் நினைத்துக்கொள்ளும் சம்பந்திக்கு,

முதலில் கோபத்தைச் சொல்லி முடித்துவிடுகிறேன். எதையும் பாதியில் விடுகிற பழக்கம் உங்களுக்குக் கிடையாது. பந்தியில் உட்கார்ந்தால் இலையில் கறிவேப்பிலையைக்கூட மிச்சம் வைக்கமாட்டீர்கள். அப்படிப்பட்ட மனிதர், வண்டியை ஜாக்கி போட்டுத் தூக்கி நிறுத்திவிட்டு, "ஒரு டீ குடிச்சிட்டு வந்து அடியில பூந்து பாக்கறேன்" என்று நாற்காலியில் போய் உட்கார்ந்தவர், அந்த டீயையும் முழுசாகக் குடிக்காமல் போய்விட்டீர்கள். போகிற போக்கில் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அல்லவா?

கோபம் அவ்வளவுதான். மீதி எல்லாம் நன்றி. நீங்கள் இருந்தபோது இதையெல்லாம் நேரில் சொல்ல முடியாது. "இன்னா சம்பந்தி, புதுசா பேசறீங்க, உடம்புக்கு எதுனா முடியலயா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பீர்கள். அதனால் எழுதுகிறேன். உங்களைத் தெரியாதவர்களும் படிக்கட்டும் என்று எழுதுவதால், உங்களுக்குத் தெரிந்ததையே நடுவில் சொல்ல வேண்டியிருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பெயரைச் சொன்னால் அடி அண்ணாமலையில் யாருக்கும் தெரியாது. ஓப்பன் கார்க்காரர் என்றால் வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விடுவார்கள். ஓடி ஓய்ந்த பழைய டாக்சி ஒன்றின் கூரையை அறுத்து எடுத்துவிட்டு, சிவப்பு ரெக்சின் சீட்டு போட்டு, சுற்றிலும் பூ கட்டக் கம்பி வைத்து, கல்யாண ஊர்வலத்துக்கு விட்டவர் நீங்கள். இந்தப் பக்கத்து மாப்பிள்ளைகள் பாதிப் பேர் அந்தச் சிவப்பு சீட்டில்தான் மாலை கழுத்தை அரிக்க நெளிந்துகொண்டு வந்திருப்பார்கள். என் மகன் முருகனும் அதில் ஒருவன். உங்கள் பெண் செல்வியைக் கட்டிக்கொள்ளத்தான் வந்தான்.

அந்த மாப்பிள்ளை அழைப்பு நினைவிருக்கிறதா? கேட்கவே வேண்டாம், சாகும்வரை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தீர்கள். மாப்பிள்ளை, தோழன், எங்கள் பெரிய அண்ணன், அவர் மடியில் இரண்டு வாண்டுகள், பின்னால் தொற்றிக்கொண்ட சித்தப்பாமார்கள் என்று வண்டி பிதுங்கி வழிந்தது. மண்டப வாசலில் ஆரத்தித் தட்டோடு பெண்கள் நிற்கிறார்கள். வண்டி நின்றது. கதவு திறக்கவில்லை.

முருகன் இழுத்தான். தோழன் தள்ளினான். எங்கள் அண்ணன் முழங்காலால் ஓர் உதை விட்டார். கதவு அசையவில்லை. நாதஸ்வரம் நின்றுபோனது. நம் ஜனங்களுக்குச் சொல்ல வேண்டுமா, அதற்குள் முணுமுணுப்பு ஆரம்பித்துவிட்டது. "எறங்கும்போதே தட்டுதே, இது நல்லதுக்கில்ல" என்று அண்ணன் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். அங்கே ஒரு வார்த்தை தடித்திருந்தால் உங்கள் பெண் வாழ்க்கை என்ன ஆகியிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் பயமாக இருக்கிறது.

நீங்கள் அலட்டிக்கொள்ளவே இல்லை. ஓட்டுகிற சீட்டிலிருந்து கதவைத் தாண்டிக் குதித்து வந்து, அண்ணனைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுச் சொன்னீர்கள்: "ஒண்ணுமில்லீங்க. மாப்பிள்ள மேல வண்டிக்கு ஆச ஜாஸ்தியாயிடுச்சி, விடமாட்டேங்குது. கொஞ்சம் கெஞ்சினா விட்டுடும். யோவ், நீங்க ஏன்யா நிறுத்திட்டீங்க, ஊதுங்க!" நாதஸ்வரம் மறுபடி கிளம்பியது. நீங்கள் பட்டு வேட்டியோடு தரையில் உட்கார்ந்து, கதவுக்கு நேர் கீழே ஜாக்கியை வைத்துச் சுற்றினீர்கள். வண்டி நடுவில் ஒரு விரற்கடை எழும்பியிருக்கும். கதவு தானாக விட்டுக்கொடுத்தது. முருகன் வலது காலை எடுத்து வைத்து இறங்கினான். முதலில் சிரித்தது எங்கள் அண்ணன்தான்.

அன்றைக்குச் சாப்பிடும்போது உங்கள் பக்கத்து இலையில் வந்து உட்கார்ந்துகொண்டேன். கீழ்பென்னாத்தூரில் கேட்டும் ஷட்டரும் செய்கிற வெல்டிங் பட்டறைக்காரன் நான். இரும்பு ஏன் அப்படி நடந்துகொண்டது என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. நீங்கள் ரசத்தில் விரலைத் தோய்த்து இலை ஓரத்தில் ஒரு வண்டி வரைந்தீர்கள்.

"கூர இருந்தப்ப இது ஒரு மூடின பெட்டி, சம்பந்தி. நான் மூடிய எடுத்துட்டேன். இப்ப முன்பக்கத்தயும் பின்பக்கத்தயும் புடிச்சிக்கினு இருக்கறது கீழ இருக்கற தரை மட்டும்தான். நாலு பேரு ஜாஸ்தியா உக்காந்தா நடுவுல தொய்ஞ்சிடுது. தொய்ஞ்சா மேல கதவு இடுக்கு கம்மியாயி, கதவு மாட்டிக்கிது."

மாப்பிள்ளைக்கு அப்பா என்று நான் கொஞ்சம் விறைப்பாகத்தான் வந்திருந்தேன். அந்த இலையோடு விறைப்பு போய்விட்டது. ஐம்பது தாண்டிய பிறகு யாருக்குப் புதுசாகச் சிநேகிதன் கிடைக்கிறான்? எனக்குக் கிடைத்தது. அதற்கு முதல் நன்றி.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். வேர்க்கடலைப் பருவத்தில் அவித்த கடலை, மற்ற நாளில் சும்மா வாய்ப்பேச்சு என்று ஏதாவது சாக்கில் பஸ் ஏறி வந்துவிடுவேன். "பொண்ணு எடுத்த வீட்டுக்கு இப்படி அடிக்கடி போனா மரியாத இருக்குமா?" என்று என் மனைவி கமலா கேட்பாள். மரியாதையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? உங்களோடு அந்த வண்டியில் சும்மா ஒரு நடை போய்வருவதில் இருந்த சுகம் அதில் இல்லை. சுகம் என்று சொல்வதுகூடத் தப்பு. முன் கண்ணாடி ஃபிரேம் கடகடவென்று ஆடும், ஸ்டியரிங் கையில் நடுங்கும், கதவு நாலும் தாளம் போடும். பின்னால் வருவதைப் பார்க்கும் கண்ணாடியில் மலை ஒன்றுக்கு இரண்டாகத் தெரியும். "அண்ணாமலையாரயே ஆட வெக்கிற வண்டி, சம்பந்தி. இந்த ஊர்ல வேற எவங்கிட்ட இருக்கு?" என்று பெருமை வேறு உங்களுக்கு.

உங்கள் வீட்டில் ஒரே ஒருவர்தான் அந்த வண்டியில் ஏறவே இல்லை. சம்பந்தி அம்மா.

முதலில் வெட்கம். "கல்யாணப் பொண்ணு உக்கார்ற எடத்துல நான் எதுக்கு" என்பார். அப்புறம் முதுகு. பௌர்ணமி தவறாமல் செருப்பில்லாமல் மலையைச் சுற்றி நடந்தவர், முதுகுத்தண்டு ஆபரேஷனுக்குப் பிறகு வாசல்வரை நடப்பதற்கே சுவரைப் பிடிக்க வேண்டியதாகிவிட்டது. ஆட்டோவில் கூட்டிப் போனால் குலுக்கலில் வலி. மூடின காரில் போனால் ஜன்னலில் கடையும் மரமும்தான் தெரிகின்றன. குனிந்து எட்டி மலை உச்சியைப் பார்க்க அவர் முதுகு இடம் கொடுக்காது. கிரிவலப் பாதையிலேயே வீடு, ஆனால் வாசலில் உட்கார்ந்தால் மலையின் ஒரு முகம்தான். "மத்த பக்கமெல்லாம் எப்படி இருக்குதோ" என்று ஒருநாள் என்னிடம் கேட்டார். ஊருக்குப் போன பிள்ளையை விசாரிப்பதுபோல்தான் கேட்டார். அதை அப்படியே உங்கள் காதில் போட்டேன்.

நீங்கள் யோசிக்கவே இல்லை. "சாய்ஞ்சி உக்காந்துக்கினு அண்ணாந்து பாக்கணும்னா என் வண்டிய விட்டா வேற எது? இந்த ஆட்டத்த மட்டும் நிறுத்திடறேன், ஒன்னத்தான் மொதல்ல ஏத்திக்கினு சுத்துவேன்" என்று சம்பந்தி அம்மாவுக்கு வாக்குக் கொடுத்தீர்கள். நான் சாட்சி. அதற்காகத்தான் அன்றைக்கு ஜாக்கி போட்டுத் தூக்கி வைத்தீர்கள். அப்புறம்தான் அந்த டீ.

காரியம் முடிந்த பிறகு வண்டியைக் கேட்டு ஒருவரும் வரவில்லை. செத்தவர் வண்டியில் மாப்பிள்ளையை ஏற்றுவதா என்று யோசித்திருப்பார்கள். வந்தவர் பழைய இரும்புக்காரர் ஒருவர்தான். முருகன் சரி என்றுவிட்டான். அவனைக் குறை சொல்லாதீர்கள், வேங்கிக்காலில் அவர்கள் இருக்கிற வீட்டில் ஸ்கூட்டர் நிறுத்தவே இடம் போதவில்லை. "இத வெச்சிக்கினு இன்னாப்பா பண்றது?" என்றான். செல்வி உள்ளே போய்விட்டாள்.

இரும்புக்காரர் சங்கிலியை எடுத்துக்கொண்டு வந்து வண்டியில் மாட்டுகிறார். சம்பந்தி அம்மா வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர், "அண்ணா, எடுத்துக்கினு போறதுக்கு முன்னால ஒரே ஒரு..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார். "இல்லண்ணா. வேணாம். விடுங்க" என்றார்.

அந்த "விடுங்க" என்னை விடவில்லை. மாப்பிள்ளைக்கு அப்பா என்ற அதிகாரத்தை நான் வாழ்க்கையில் உருப்படியாகப் பயன்படுத்தியது அந்த ஒரு தடவைதான். சங்கிலியைக் கழற்றச் சொன்னேன். "வண்டி இங்கதான் இருக்கும். நான் சரி பண்ணுவேன்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். பட்டறையை முருகனின் தம்பி பார்த்துக்கொள்கிறான் என்பதால், முருகன் வீட்டில் தங்கி வந்துபோக எனக்கு நேரத்துக்குப் பஞ்சமில்லை. வருடம் திரும்பும்வரை சாவு விழுந்த வீட்டுக்காரர்கள் மலைக்குப் போகக்கூடாது என்பது நம் பழக்கம். சம்பந்தி அம்மா அதைக் கறாராகக் கடைப்பிடிப்பவர். ஆக, உங்கள் தெவசம்வரை எனக்குத் தவணை கிடைத்தது.

இனிமேல் வருவதை நீங்கள் சிரிக்காமல் கேட்க வேண்டும்.

கேட் தொய்ந்தால் நான் என்ன செய்வேன்? கனமான இரும்பை வைத்துப் பற்ற வைப்பேன். அதே புத்திதான். கதவுகளுக்குக் கீழே இரண்டு பக்கமும் தடியான 'எல்' வடிவ ஆங்கிள் இரும்பை வைத்து ஒரே மூச்சில் வெல்டிங் அடித்தேன். பார்ப்பதற்கு ரயில் தண்டவாளம் மாதிரி இருந்தது. இனி யானை ஏறினாலும் அசையாது என்று கமலாவிடம் போனில் சொன்னேன். மறுநாள் காலை கதவை மூடிப் பார்த்தால் மூடவில்லை. வண்டியில் ஆளே இல்லை, ஆனாலும் மூடவில்லை.

வண்டி தன் பாரத்திலேயே கொஞ்சம் தொய்ந்துதான் நின்றுகொண்டிருந்தது. நான் அதை நிமிர்த்தாமல், தொய்ந்தது தொய்ந்தபடியே நிரந்தரமாகப் பற்ற வைத்துவிட்டேன். முன்பு ஆள் ஏறினால்தான் கதவு மாட்டும். என் கைங்கரியத்தில் எப்போதும் மாட்டிக்கொண்டது. போதாக்குறைக்கு, உங்களிடமே வண்டி பழகின செல்வி ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து ஆட்டமும் குறையவில்லை என்றாள். உங்கள் வீட்டுக்கு முன்னால் புதிதாக ஒரு வேகத்தடை போட்டிருக்கிறார்கள். அதில் ஒரு சக்கரம் ஏறியதும் முன் கண்ணாடி ஒரு பக்கமும் பின் சீட்டு ஒரு பக்கமுமாகத் திரும்பியதாம்.

"மாமா, கேட்டுன்னா ரெண்டு கீல்ல தொங்குது. வண்டி நாலு சக்கரத்துல நிக்குது. தொய்யறது மட்டும் இல்ல, முறுக்கிக்கவும் முறுக்கிக்குது" என்றாள். உங்கள் பெண் உங்களைப் போலவே வலிக்காமல் சொல்கிறாள், சம்பந்தி.

எனக்குக் கோபம் வந்தது. அவள் மேல் இல்லை, இரும்பின் மேல். இரண்டு நாள் வண்டிப் பக்கமே போகவில்லை. நம் பேத்தியின் பிறந்தநாளுக்கு வாங்கின இனிப்புப் பெட்டி ஒன்று காலியாகக் கிடந்தது. மூடியைப் போட்டு முறுக்கிப் பார்த்தேன், விறைப்பாக இருந்தது. மூடியை எடுத்துவிட்டு முறுக்கினேன், துணியாகத் துவண்டது. உங்கள் இலைப் படம் அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. விளக்குமாற்றிலிருந்து இரண்டு குச்சி உருவி, பெட்டிக்கு அடியில் மூலைக்கு மூலை குறுக்காக ஒட்டினேன். துவளல் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. நான் செய்கிற ஒவ்வொரு கேட்டிலும் மூலைக்கு மூலை ஒரு பட்டை அடிக்கிறேன். அதை ஏன் வண்டிக்கு யோசிக்கவில்லை என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

போட்டதை எல்லாம் அறுத்து எடுத்தேன். இந்தத் தடவை வண்டியைக் காலியாக வைத்து, அடியில் பல இடத்தில் முட்டுக் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்தினேன். கதவைச் சுற்றி இடுக்கு எல்லா இடத்திலும் ஒரே அளவு இருந்தால்தான் உடம்பு நேரானதாக அர்த்தம். அளவுக்கு வைக்க ஏதாவது கெட்டி அட்டை வேண்டுமே என்று தேடினேன். சம்பந்தி அம்மா உள்ளேயிருந்து ஒரு பை நிறையக் கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்து கொடுத்தார். உங்கள் வண்டி போன கல்யாணங்கள். ஒன்றையும் நீங்கள் தூக்கிப் போடவில்லையாமே! அவற்றை மடித்து, நாலு கதவின் இடுக்கிலும் செருகி, எங்கும் இறுகாமலும் எங்கும் வழுக்காமலும் வரும்வரை ஜாக்கியைத் திருகினேன். ஓட்டுநர் பக்கத்துக் கதவில் செருகியிருந்தது முருகன் செல்வி பத்திரிகை. உங்கள் பெயரும் என் பெயரும் அதில் அக்கம்பக்கமாக இருந்தன.

அப்புறம்தான் நெருப்பைத் தொட்டேன். கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டிப் பகுதி உள்ளே துருவேறிப் பொடிப்பொடியாக உதிர்ந்தது. அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, முன்சக்கரம் பக்கம் தொடங்கிப் பின்சக்கரம்வரை சதுரப் பைப் நுழைத்தேன். ஒரே பக்கம் சூடேறினால் இரும்பு இழுத்துக்கொள்ளும் என்பதால் இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று பற்ற வைத்தேன். தரைக்கு அடியில் மூலைக்கு மூலை குறுக்குப் பைப். பின் சீட்டுக்கும் டிக்கிக்கும் நடுவில், முழு அகலத்துக்கு ஒரு தகட்டுச் சுவர். இத்தனையும் சேர்த்துக் கனம் பார்த்தால், முதலில் போட்ட தண்டவாளத்தைவிடக் கம்மி.

செல்வி ஓட்டிப் போனாள். கடகடப்பு இல்லை, கதவுத் தாளம் இல்லை. ஆனால் ஸ்டியரிங்கில் மட்டும் ஒரு நடுக்கம் பாக்கி. நான் மறுபடி அடியில் புகப்போனேன். அவள்தான், "இருங்க மாமா, எல்லா ஆட்டமும் உடம்போடது இல்ல" என்றாள். ஒரே இடத்தில் நின்று நின்று டயர்கள் தட்டையாகியிருந்தன. இன்ஜினைத் தாங்குகிற ரப்பர்கள் கல்லாகியிருந்தன. மாற்றினோம். அந்த நடுக்கமும் போயிற்று.

பின் சீட்டில் நெல் மூட்டைகளை அடுக்கி, எங்கள் அண்ணன் உட்கார்ந்த இடத்தில் ஒரு மூட்டை ஜாஸ்தியாகவே வைத்து, கதவைத் திறந்தேன். திறந்தது. மூடினேன். மூடியது. சின்னப் பையன்போல் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன். நீங்கள் இல்லையே என்று அப்போதுதான் அழுதேன். சாவுக்கு வந்த அன்றைக்குக்கூட நான் அழவில்லை, தெரியுமா?

தெவசம் முடிந்தது. மறுவாரம் வண்டியைக் கழுவி வாசலில் நிறுத்தினோம். பௌர்ணமியில் பாதையில் வண்டி விடமாட்டார்கள் என்பதால் கூட்டமில்லாத சாதாரண நாளாகப் பார்த்து, வெயில் ஏறுவதற்கு முன்னால் கிளம்பத் திட்டம். கமலாவும் வந்திருந்தாள். முதுகுக்குத் தலையணை எல்லாம் தயார். சம்பந்தி அம்மா வாசலில் நின்று வண்டியைப் பார்த்தார். சீட்டைத் தொட்டார். கையை எடுத்துக்கொண்டார்.

"நான் வரலண்ணா" என்றார்.

"முதுகு வலிக்குதுங்களா?"

"முதுகு இல்ல. செல்வி இத மறுபடி கல்யாணத்துக்கு விடணும்னு இருக்கா. தாலி அறுத்தவ உக்காந்த வண்டினு நாளைக்கு நாலு பேரு சொன்னா, எவன் எடுப்பான்? அவரு பேரு கெட்டுப்போவும்."

ஒரு வருடம் நான் இரும்போடு சண்டை போட்டேன், சம்பந்தி. இந்தக் கதவு இப்படி மாட்டும் என்று நான் நினைத்தே பார்க்கவில்லை. எந்த ஜாக்கியை எங்கே வைப்பது? செல்வி தலையைக் குனிந்துகொண்டாள்.

கமலாதான் பேசினாள். இருபத்துநாலு மணி நேரமும் மரியாதை பார்க்கிற அதே கமலா. "அப்படிச் சொல்றவங்க நடந்து போவட்டும். நமக்கு இன்னா? வாங்கண்ணி" என்று சம்பந்தி அம்மாவின் கையைப் பிடித்தாள். "அவரு யாருக்காக இத தூக்கி வெச்சாரு? ஊர்ல இருக்கற மாப்பிள்ளைங்களுக்காகவா? ஒங்களுக்காவ தூக்கி வெச்ச வண்டியில நீங்க ஏறலன்னாதான் அவரு பேரு கெடும்."

செல்வி நிமிர்ந்தாள். "அம்மா, ஒன்ன ஏத்தாத வண்டிய நான் யாருக்கும் ஓட்டமாட்டேன். இரும்புக்காரருக்கே போன் போட்டுடறேன்" என்று பின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள்.

சம்பந்தி அம்மா ஏறினார்.

செல்வி ஓட்ட, நான் முன்னால். பின்னால் சிவப்பு சீட்டில் தலையணைக்குச் சாய்ந்து அவர், பக்கத்தில் கமலா. உங்கள் வாசல் வேகத்தடையில் ஏறியபோது நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். பின்னால் பார்க்கும் கண்ணாடியில் அவர் முகத்தைத்தான் பார்த்தேன். சுளிக்கவில்லை. அவர் முகத்துக்கு மேலே மலை தெரிந்தது. ஒரே மலை. ஆடாமல் நின்றது. நீங்கள் சொல்லிச் சொல்லிச் சிரித்த கண்ணாடி அதே இடத்தில்தான் இருக்கிறது, அதை நான் மாற்றவில்லை.

அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அண்ணாந்தே வந்தார். ஓரிடத்தில் ஒற்றை உச்சியாக நிற்கிற மலை, கொஞ்சம் தள்ளிப் போனால் ஒன்றன் தோளில் ஒன்றாக விரிகிறது அல்லவா, அங்கே மட்டும் "ம்" என்றார். பழைய ஆள் ஒருவரை அடையாளம் கண்ட மாதிரி. டீக்கடையிலிருந்து யாரோ, "இன்னாம்மா, ஓப்பன் கார்க்காரரு வூட்டம்மாவா? ஊர்வலமா?" என்று கேட்டார். நான் பயந்தேன். அவர் வெட்கப்படாமல் கையை ஆட்டினார். பூக்காரம்மா ஒருவர் ஓடிவந்து ஒரு முழம் கதம்பத்தை வண்டிக் கம்பியில் சுற்றிவிட்டுப் போனார். பூவைக் கண்டு குரங்கு ஒன்று கூடவே கொஞ்ச தூரம் ஓடிவந்தது.

சுற்றி முடித்து வீட்டு வாசலில் வந்து நின்றோம். செல்வி இறங்கினாள். கமலா அந்தப் பக்கம் இறங்கினாள். சம்பந்தி அம்மா இறங்கவில்லை. கதவுப் பக்கம் கை இருக்கிறது, ஆள் அசையவில்லை.

எனக்கு மண்டப வாசல் ஞாபகம் வந்துவிட்டது. நாதஸ்வரம் நின்றது, அண்ணன் சொன்னது, எல்லாம். "கதவு மாட்டிக்கிச்சா? இருங்க, இழுக்காதீங்க!" என்று கத்திக்கொண்டே முன்னாலிருந்து குதித்து, டிக்கியில் ஜாக்கியைத் தேடி எடுத்துக்கொண்டு ஓடிவந்தேன். இருந்தாலும் ஒரு தடவை கைப்பிடியைத் தொட்டுப் பார்த்தேன். ஒரு விரலுக்குக் கதவு திறந்துகொண்டது.

சம்பந்தி அம்மா என்னையும் ஜாக்கியையும் பார்த்துச் சிரித்தார். நீங்கள் போன பிறகு நான் பார்த்த முதல் சிரிப்பு.

"கதவு நல்லாத்தான் இருக்குதுண்ணா. நான்தான் எறங்கல" என்றார். கதவை அவரே மறுபடி சாத்திக்கொண்டார். "இந்தச் சுத்து அவரு சொன்னாரே, அதுக்கு. இன்னொண்ணு போலாமா? அது எனக்கு."

போனோம், சம்பந்தி. அந்தச் சுற்றில் அவர் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார்.

என் பேச்சுத் துணையாக இருந்ததற்கு நன்றி. என் மகனுக்கு இப்படி ஒரு பெண்ணைக் கொடுத்ததற்கு நன்றி. ஒரு வேலையைப் பாதியில் விட்டுவிட்டுப் போனதற்கும், முதலில் கோபப்பட்டேனே, அதற்கும் நன்றி. முழுசாக முடித்துவிட்டுப் போயிருந்தால் இந்த ஒரு வருடத்தை நான் எதை வைத்துக் கடத்தியிருப்பேன்?

ஒரு வாக்குத் தருகிறேன். இந்த முறை நீங்கள் சாட்சி. ஒவ்வொரு பௌர்ணமிக் கூட்டமும் கலைந்து பாதை ஓய்ந்த பிறகு, சம்பந்தி அம்மாவை ஏற்றிக்கொண்டு உங்கள் வண்டி மலையைச் சுற்றும். அதற்கு முன்னால் அடியில் புகுந்து ஒவ்வொரு பற்றவைப்பையும் நானே பார்ப்பேன். என்னால் புக முடியாமல் போகிற நாளில் செல்வி பார்ப்பாள். ஜாக்கியை டிக்கியிலிருந்து எடுத்து வீட்டிலேயே வைத்துவிட்டேன்.

உங்கள் வண்டி விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்ட மாப்பிள்ளையின் அப்பா,
உங்கள் சம்பந்தி